பாட்டிலின் வாயைப் பாருங்கள்! முகாம், படகுப் பயணக் கேள்வி–பதில்

கூடாரம் அடித்துத் தங்குபவர்களும் கேனோ படகில் துடுப்புப் போடுபவர்களும் அனுப்பிய கேள்விகளில் இந்த முறை பாட்டில் பற்றியவையே அதிகம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: முதல்முறையாக மூன்று இரவு கேனோ பயணம் போகிறோம். கடையில் பிளாஸ்டிக், எவர்சில்வர், பிளாஸ்க், சுருட்டி வைக்கும் தண்ணீர்ப் பை என்று வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதை வாங்குவது?

பதில்: பாட்டில் வாங்கும்போது பெரும்பாலோர் அதன் உடம்பைத்தான் பார்க்கிறார்கள். வாயை முதலில் பாருங்கள். ஏரியில் முக்கி நிரப்புவது, தண்ணீரைச் சுத்தமாக்கும் மாத்திரை போடுவது, வடிகட்டியைத் திருகுவது, உள்ளே கைவிட்டுக் கழுவுவது, குளிரில் உறையாமல் தப்புவது எல்லாம் வாயைப் பொறுத்தவை.

இரண்டு அளவுகளை நினைவில் வைத்தால் போதும். அகல வாய் பாட்டிலின் வாய் 63 மில்லிமீட்டர். சோடா, குளிர்பான பாட்டில்களின் வாய் 28 மில்லிமீட்டர். பிழிந்து வடிகட்டும் சிறிய வடிகட்டிகள் பல இந்த 28 மி.மீ. மரைக்கே பொருந்தும். ஆகவே ஆளுக்கு இரண்டு பாட்டில் என்று கணக்கு வையுங்கள்: குடிக்கவும் வெந்நீர் ஊற்றவும் அகல வாயில் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்று; ஏரித் தண்ணீர் மொள்ளவும் வடிகட்டி மாட்டவும் காலி குளிர்பான பாட்டில் ஒன்று. முகாமில் எல்லோருக்கும் பொதுவாக 6 முதல் 10 லிட்டர் பிடிக்கும் தண்ணீர்ப் பை ஒன்று இருந்தால், சமையல் நேரத்தில் இருட்டில் கரைக்கு ஓடும் வேலை இல்லை.

எடை விஷயத்தில் வித்தியாசம் பெரிது. ஒரு லிட்டர் குளிர்பான பாட்டில் 40 கிராம் அளவில்தான் இருக்கும். பால்வெள்ளை நிறத்தில் வரும் ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கில் செய்த அகல வாய் பாட்டில் 110 கிராம் போல. கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் டிரைட்டன் பிளாஸ்டிக் பாட்டில் 180 கிராம் போல. ஒரு லிட்டர் வெற்றிட பிளாஸ்க் அரைக் கிலோவுக்குக் குறைவது அரிது. படகிலேயே முழுப் பயணமும் என்றால் இந்த எடை உறைக்காது. நடுவில் படகையும் மூட்டையையும் தோளில் தூக்கிக் கரை கடக்க வேண்டுமென்றால் உறைக்கும். ஹெச்டிபிஇ பாட்டில் பார்க்கப் பகட்டாக இருக்காது, கொஞ்சம் நெகிழும். ஆனால் பாறையில் விழுந்தால் தப்பிப்பது அதுதான். எங்களைக் கேட்டால் அதற்கே முதல் வாக்கு.

பழைய தெளிவான பாட்டில் வீட்டில் கிடந்தால் அது பாலிகார்பனேட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதைச் செய்யப் பயன்படும் பிபிஏ என்ற வேதிப்பொருள் பற்றி 2008 வாக்கில் பிரச்சினை எழுந்த பிறகே பிரபல நிறுவனங்கள் டிரைட்டனுக்கு மாறின. பிபிஏ பற்றிக் கவலை இருந்தால் பழையதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் நிரம்பிய பாட்டில் படகிலிருந்து விழுந்து கண்முன்னே மூழ்கிப் போனது. பிளாஸ்டிக் மிதக்கும் என்றுதானே நினைத்தோம்?

பதில்: எல்லா பிளாஸ்டிக்கும் மிதக்காது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் ஹெச்டிபிஇ 0.95, டிரைட்டன் 1.18, பாலிகார்பனேட் 1.2, குளிர்பான பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் 1.38, எவர்சில்வர் கிட்டத்தட்ட 8. உள்ளே விளிம்புவரை தண்ணீர் இருந்தால் உள்நீரும் வெளிநீரும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிச்சம் பாட்டிலின் சொந்தச் சுபாவம்தான். ஹெச்டிபிஇ நிரம்பியிருந்தாலும் மேலே வரும். மற்றவை இறங்கும்.

இதற்கு மருந்து காற்று. டிரைட்டன் பாட்டிலைத் தண்ணீருக்குள் கீழே இழுக்கும் எடை மொத்தமே 20 கிராம் அளவுதான். கழுத்துக்குக் கீழே ஒரு விரல் அகலம் காலியாக விட்டால் ஏறக்குறைய 100 மில்லி காற்று நிற்கும், தாராளமாக மிதக்கும். பெட் பாட்டிலுக்கு அதில் பாதி காற்று போதும். ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டிலின் கதை வேறு. அதன் எடை 250 கிராமைத் தாண்டும் என்பதால் கால் பாட்டிலுக்கு மேல் காலியாக விடவேண்டும். பிளாஸ்க்குகளில் சுவர் இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். புறப்படுமுன் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். எந்த மட்டத்தில் மிதக்கிறதோ அந்த மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். பயணத்தில் அந்தக் கோட்டுக்கு மேல் நிரப்பக் கூடாது.

கடலில் ஒரு சின்னச் சலுகை உண்டு. கடல்நீர் லிட்டருக்கு 25 கிராம் போலக் கூடுதல் கனம். நல்ல தண்ணீர் நிரம்பிய டிரைட்டன் பாட்டில் அங்கே மிதப்பதற்கும் மூழ்குவதற்கும் நடுவே தத்தளிக்கும். அதை நம்பிக் காற்று விடாமல் இருக்காதீர்கள்.

கேள்வி: படகில் பாட்டிலை எங்கே வைப்பது, எதில் கட்டுவது?

பதில்: குடிக்கும் பாட்டிலைத் துடுப்பை விடாமலே எட்டும் தூரத்தில், படகின் குறுக்குச் சட்டத்தில் கட்டுங்கள். மூடியையும் கழுத்தையும் சேர்க்கும் பிளாஸ்டிக் வாரில் கட்டாதீர்கள். அந்த வார் மூடி தொலையாமல் இருப்பதற்காக வைத்தது. ஒரு கிலோ கனம் ஊசலாடும்போது அது கழுத்திலிருந்து உருவிக்கொள்ளும், அல்லது மூடியை ஒட்டிய இடத்தில் அறுந்துபோகும். மூடி உங்கள் கையில் மிஞ்சும், பாட்டில் ஆற்றோடு போகும். கயிற்றைக் கழுத்தின் பள்ளத்தில் இறுக்கிச் சுற்றி அங்கிருந்து கட்டுங்கள்.

கயிறு முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். படகு கவிழ்ந்தால் தளர்ந்து கிடக்கும் நீளக் கயிறு காலைச் சுற்றும். பாட்டில் போனால் போகட்டும், கால் சிக்கக் கூடாது. ஒரு முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். உடம்பில், மணிக்கட்டில் ஒருபோதும் கட்ட வேண்டாம்.

படகின் அடியில் உருளவும் விடாதீர்கள். அங்கே தேங்குவது காலணி மண்ணும் ஏரித் தண்ணீரும் கலந்த கலங்கல். உறிஞ்சு மூக்கு திறந்திருக்கும் சிப்பர் பாட்டில் அதில் கிடந்தால், உள்ளே சுத்தமான தண்ணீர் வைத்தும் பயனில்லை. உறிஞ்சு மூக்கு வேண்டுமென்றால் அதன் மேல் மூடி இருப்பதாகப் பாருங்கள்.

பத்து லிட்டர் பை பத்துக் கிலோ. அதை நடுவில், தரையோடு தரையாக வைத்து அசையாமல் கட்டுங்கள். பாதி நிரம்பிய பையில் காற்றைப் பிதுக்கி வெளியேற்றிவிட்டு மூடினால் தண்ணீர் அலம்பாது.

கேள்வி: குளோரின் டையாக்சைடு மாத்திரை போட்டு, சொன்ன நேரம் காத்திருந்துதான் குடித்தோம். இருந்தும் இருவருக்கு வயிற்றுப்போக்கு. மாத்திரை வேலை செய்யவில்லையா?

பதில்: கை கழுவாமல் சாப்பிட்டதுகூடக் காரணமாக இருக்கலாம், முகாம்களில் அது சாதாரணம். ஆனால் பாட்டில் பக்கம் பலரும் தவறவிடும் ஒன்று உண்டு: மரை.

பாட்டிலை ஏரியில் முக்கும்போது கழுத்தின் வெளிமரையிலும் மூடியின் உள்மரையிலும் ஏரித் தண்ணீர் ஏறிவிடுகிறது. மாத்திரை கரைந்த தண்ணீர் உள்ளே நிற்கிறது; மரை இடுக்கில் இருக்கும் துளிகளை அது தொடுவதே இல்லை. பிறகு நீங்கள் உதடு வைப்பது அதே மரை மேல்.

செய்யவேண்டிய முறை இது. மாத்திரையைப் போட்டு மூடி ஐந்து நிமிடம் விடுங்கள். பின்பு மூடியை அரைச் சுற்றுத் தளர்த்தி, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து லேசாக அமுக்குங்கள். மரை வழியே தண்ணீர் கசிந்து மூடியின் ஓரத்தில் சுற்றிலும் சொட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொட்டினால் பாட்டிலைச் சுழற்றுங்கள். நிமிர்த்தி இறுக்குங்கள். நேரக் கணக்கு அப்போதிலிருந்து ஆரம்பம். சிப்பர் பாட்டில் என்றால் உறிஞ்சு மூக்கு வழியாகவும் கொஞ்சம் பீய்ச்சி வெளியே விடுங்கள்.

எவ்வளவு நேரம்? பாக்டீரியா, வைரஸ், ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி ஆகியவற்றுக்கு 30 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் (சுருக்கமாக கிரிப்டோ) என்ற இன்னொரு ஒட்டுண்ணிக்கு 4 மணி நேரம். இரண்டாவதைப் பலர் படிப்பதே இல்லை. தண்ணீர் சில்லென்று இருந்தால் இன்னும் கூடும். கலங்கலாக இருந்தால் முதலில் தெளியவிட்டு, துணியை நாலாக மடித்து வடிகட்டிய பிறகே மாத்திரை. பாட்டிலின் கொள்ளளவையும் பாருங்கள்: ஒரு லிட்டருக்கான மாத்திரையை ஒன்றரை லிட்டர் பாட்டிலில் போட்டால் மருந்து மூன்றில் இரண்டு பங்காகிவிடும். எலுமிச்சைச் சுவைப் பொடி, வைட்டமின் சி உள்ள பானப் பொடி எதுவானாலும் காத்திருப்பு முடிந்த பிறகு கலக்குங்கள். வைட்டமின் சி குளோரினையும் அயோடினையும் முறித்துவிடும்.

மாத்திரை தீர்ந்துபோய் கையில் வாசனை சேர்க்காத பிளீச் இருந்தால், 5–6 சதவீதக் கரைசலில் லிட்டருக்கு 2 சொட்டு, 30 நிமிடம். முடிவில் குளோரின் வாடை லேசாக வரவேண்டும். ஆனால் பிளீச் கிரிப்டோவைக் கொல்லாது. அதைக் கொல்ல நிச்சயமான வழி தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைப்பது. 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம்.

நீரின் மேல் பச்சைப் பெயின்ட் சிந்தியது போல் பாசி படர்ந்திருந்தால் அந்த இடத்தில் மொள்ளவே வேண்டாம். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கொதிக்கவைத்தாலும் போகாது. நல்ல தண்ணீரிலும் கரையை விட்டு விலகிப் போய், பாட்டிலைத் தலைகீழாக முழங்கை ஆழம் இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்புங்கள். மேலே மிதக்கும் தூசியும் அடிச் சேறும் ஏறாது.

கேள்வி: வடிகட்டியை குளிர்பான பாட்டிலில் திருகிப் பிழிகிறோம். பாட்டில் சப்பிப்போய்விடுகிறது, மரை ஓரம் சொட்டுகிறது.

பதில்: சப்பிப்போவது இயல்பு. வெளியேறும் தண்ணீருக்கு ஈடாகக் காற்று உள்ளே வர வழியில்லை. சப்பியதும் நிமிர்த்தி, வடிகட்டியைக் கால் சுற்றுத் தளர்த்திக் காற்று உள்ளே போகவிட்டு மறுபடி இறுக்குங்கள். மெல்லிய குடிநீர் பாட்டில் இந்த வேலைக்கு ஆகாது. இரண்டு நாளில் மடிப்பு விழுந்த கோட்டில் ஊசித் துளை விடும். சோடா போன்ற வாயு அடைத்த பானத்தின் பாட்டில் அழுத்தம் தாங்கவே தடிமனாகச் செய்யப்படுவது, அதை எடுங்கள்.

சொட்டுவதற்குப் பெரும்பாலும் வாஷர்தான் காரணம். வடிகட்டியின் உள்ளே இருக்கும் வளையம், பாட்டிலைக் கழற்றும்போது வாயோடு ஒட்டிக்கொண்டு வந்து தரையில் விழுந்துவிடும். ஒவ்வொரு முறை திருகுமுன்னும் உள்ளே எட்டிப் பாருங்கள். உதிரி வாஷர் இரண்டு கொண்டுபோங்கள். எடை ஒரு கிராம்கூட இல்லை. அந்தச் சொட்டு ஏரித் தண்ணீர் என்பதை மறக்க வேண்டாம். சுத்தமான பாட்டிலின் வாயில் ஒரு துளி விழுந்தாலும் வடிகட்டிய உழைப்பு வீண். ஏரித் தண்ணீர் பாட்டிலின் மூடியிலும் உடம்பிலும் சிவப்பு டேப் சுற்றி, ‘இது அழுக்கு’ என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

0.1 மைக்ரான் துளையுள்ள இந்த வகை வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்றவற்றையும் பிடிக்கும், வைரஸைப் பிடிக்காது. மேல்பகுதியில் ஊர்களும் கால்நடையும் உள்ள ஆறென்றால் வடிகட்டிய பிறகு மாத்திரையும் போடுங்கள். ஒருமுறை நனைந்த வடிகட்டி உறைந்தால் உள்ளே இழைகள் வெடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் தாராளமாக வரும், அதுதான் ஆபத்து. குளிர் இரவில் அதை ஒரு பைக்குள் போட்டுத் தூங்கு பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெயிலில் வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யலாமாமே?

பதில்: செய்யலாம், தெளிவான பெட் பாட்டிலில் மட்டும். இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம். படுக்கவைத்து நல்ல வெயிலில் 6 மணி நேரம். வானம் பாதிக்கு மேல் மூட்டமென்றால் இரண்டு நாள். பாலிகார்பனேட் பாட்டில் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மேல் நிறுத்தி, வாய் வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் தண்ணீர் அதிகம் கலங்கல், முதலில் வடிகட்டுங்கள்.

கேள்வி: ராத்திரி குளிருக்கு வெந்நீர் பாட்டிலைத் தூங்கு பைக்குள் வைப்பார்கள் என்கிறார்கள். எந்த பாட்டில்? எவர்சில்வர் பாட்டிலை அப்படியே நெருப்பில் வைக்கலாமா?

பதில்: முதல் கேள்விக்கு: ஹெச்டிபிஇ அல்லது டிரைட்டன் அகல வாய் பாட்டில். பெட் பாட்டில் 70–75 டிகிரியிலேயே இளகும். சுருங்கிக் கோணி, மரையும் கெட்டுவிடும். பிளாஸ்க் சூட்டை வெளியே விடாது, ஆகவே பயனில்லை. கொதி அடங்கிய தண்ணீரை, பாட்டிலைத் தரையில் நிற்கவைத்து ஊற்றுங்கள். முழங்காலுக்கு நடுவே இடுக்கிப் பிடிக்காதீர்கள். மரையைத் துடைத்து இறுக்கி, கூடாரத்துக்கு வெளியே தலைகீழாகப் பிடித்து ஒரு நிமிடம் நன்றாக அமுக்குங்கள். ஒரு சொட்டு வந்தாலும் அந்த பாட்டில் படுக்கைக்குள் வரக் கூடாது. நனைந்த தூங்கு பை குளிரைவிட மோசம். தடித்த காலுறைக்குள் போட்டுத் தொடை நடுவே வையுங்கள். காலையில் அதுவே உறையாத குடிநீர்.

இரண்டாவதற்கு: ஒற்றைச் சுவர், பெயின்ட் பூசாத எவர்சில்வர் மட்டும். இரட்டைச் சுவர் பாட்டிலை நெருப்பில் வைத்தால் நடுவே அடைபட்ட இடம் சூடேறிச் சுவர் வெடித்துச் சிதறலாம். எது எது என்று தெரியவில்லையா? சுடுதண்ணீர் ஊற்றி வெளிப்புறத்தைத் தொடுங்கள். அரை நிமிடத்தில் சுட்டால் ஒற்றைச் சுவர். மூடி, வாஷர், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முக்கால் பாகம் நிரப்பி, தணலின் ஓரத்தில் வைத்துத் திருப்பிக்கொடுங்கள். மூடியோடு வைக்கவே வைக்காதீர்கள். உள்பூச்சுள்ள அலுமினிய பாட்டிலும் நெருப்புக்கு ஆகாது.

கேள்வி: உறைபனி இரவில் பாட்டில் மூடியே திறக்கவில்லை.

பதில்: பனிக்கட்டி மேலிருந்து கீழே உருவாகும். பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் அடிப்பாகம் உறையும், வாய் கடைசியாகத்தான் உறையும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பத்தில் ஒரு பங்கு காலி இடம் விடுங்கள். குறுகிய வாயும் உறிஞ்சு குழாயும் முதலில் அடைத்துக்கொள்பவை. குழாய் வைத்த பையென்றால் குடித்து முடித்ததும் ஊதி, குழாயில் நிற்கும் தண்ணீரை உள்ளே தள்ளிவிடுங்கள்.

கேள்வி: சமையல் எண்ணெய் கசிந்து மூட்டை முழுக்கப் பாழ். அடுப்பு எரிபொருளுக்கும் அதே மாதிரி பாட்டில் போதுமா?

பதில்: எண்ணெய்க்கு 100–250 மில்லி ஹெச்டிபிஇ பாட்டில், திருகு மூடி. அமுக்கித் திறக்கும் மூடி வேண்டாம். ஊற்றி முடித்ததும் மரையில் படிந்த எண்ணெயைத் துடையுங்கள். அந்தப் படலம்தான் மூடியை வழுக்கித் தளரவிடுகிறது, கசிவுக்கும் வழிகாட்டுகிறது. மூடுமுன் பாட்டிலை லேசாக அமுக்கி எண்ணெயை வாய்வரை ஏற்றிவிட்டு மூடுங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெயிலிலும் மலை உயரத்திலும் விரிந்து எண்ணெயை வெளியே தள்ளும்; காற்று குறைந்தால் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. பிறகு ஜிப் பை இரண்டுக்குள்.

எரிபொருளுக்கு அதற்கென்றே செய்த பாட்டில் மட்டும். திரவ எரிபொருள் அடுப்புகளுக்கு அலுமினிய எரிபொருள் பாட்டில் வருகிறது. அதில் குறித்த கோட்டுக்கு மேல் நிரப்பாதீர்கள். கோடு இல்லையென்றால் ஐந்தில் ஒரு பங்கு காலி விடுங்கள். ஸ்பிரிட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஸ்பிரிட் தண்ணீர் மாதிரியே நிறமற்றது. குடிநீர் பாட்டிலில் ‘ஒரே ஒரு நாள்தானே’ என்று ஊற்றாதீர்கள். வடிவம் வேறாக, மூடி நிறம் வேறாக, இருட்டில் தடவினாலே தெரியும்படி மேலே ரப்பர் வளையம் இரண்டு போட்டு, சாப்பாட்டு மூட்டையில் சேராமல் தனிப் பையில் வையுங்கள்.

இரவில் கூடாரத்துக்குள் சிறுநீருக்கு ஒரு பாட்டில் வைப்பவர்களுக்கும் இதே விதி. அகல வாய், ஒரு லிட்டர், தொட்டால் தெரியும் அடையாளம். குடிநீர் பாட்டில் தலைமாட்டில், அது கால்மாட்டில்.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகவில்லை.

பதில்: உடம்பை விட்டுவிட்டு மூடியைப் பாருங்கள். மூடிக்குள் இருக்கும் சிலிக்கோன் வளையத்தைப் பல்குச்சியால் நெம்பி எடுங்கள். அதன் அடியில் கருப்பாகப் பூஞ்சை படிந்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, பாட்டிலில் ஊற்றி, மூடியையும் வளையத்தையும் அதே கரைசலில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். வெள்ளைப் படிவுக்கு ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு வெந்நீர். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மட்டும், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி பிளீச் ஊற்றிக் குலுக்கி, ஓரிரு நிமிடத்தில் கொட்டி நன்றாக அலசலாம். எவர்சில்வரை பிளீச் அரித்துப் புள்ளி போடும். வினிகரையும் பிளீச்சையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். காயவைத்து, மூடியைப் போடாமல் அலமாரியில் வையுங்கள்.

கேள்வி: கண்ணாடி பாட்டில் கொண்டுபோகலாமா?

பதில்: வேண்டாம். உடைந்தால் சில்லு கரை மணலில் தங்கி, அடுத்து வெறுங்காலோடு இறங்குபவரைக் குத்தும். சில இடங்களில் சட்டமே தடுக்கிறது: அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் கேனோ பகுதியில் உணவும் பானமும் அடைத்த தகர டப்பா, கண்ணாடி பாட்டில் எதையும் கொண்டுசெல்ல முடியாது. மருந்து கண்ணாடிக் குப்பியில்தான் வருகிறதென்றால் அங்கேயும் அதற்கு விலக்கு உண்டு. காலுறையில் சுற்றி மூட்டையின் நடுவில் வையுங்கள்.